இரண்டு அச்சங்கள்

துணிவு என்பது யாது? அச்சமின்மையே துணிவு என்று விடை கூறிவிடுவது எளிது. போர்க்களத்தை மனத்திற்கொண்டு அவ்விடையைச் சொல்லிப் பழகியிருக்கிறோம். ஆயினும் நம்மில் பெரும்பாலோர்க்குப் போர்க்களம் வாய்ப்பதில்லை. சுற்றுலா சென்ற இடத்தில், உயர்ந்த மரமொன்றில் கட்டிய மேடையின் விளிம்பில் கால் நடுங்க நிற்கும்போதுதான் இவ்வினா நம்மை வந்து தைக்கிறது. இடம் சிறியது, வினா சிறியதன்று.

ஜிப் லைன் என்று வழங்கும் கம்பிவடப் பயணத்தைப் பற்றியே சொல்கிறோம். இரண்டு மரங்களுக்கோ கோபுரங்களுக்கோ இடையே, ஒருபுறம் உயர்ந்தும் மறுபுறம் தாழ்ந்தும் எஃகு வடம் ஒன்று கட்டப்பட்டிருக்கும். அதன்மேல் ஓடும் கப்பியில் நம் இடுப்புக் கச்சையைக் கொக்கியிட்டு மாட்டுவார்கள். மேடையிலிருந்து காலை எடுத்ததும் புவியீர்ப்பு நம்மை மறுபுறம் கொண்டு சேர்க்கும். மலைநாட்டு மக்கள் ஆறுகளையும் பள்ளத்தாக்குகளையும் கடக்க நெடுங்காலமாகக் கையாண்ட முறைதான் இது. மழைக்காட்டு உயிர்களில் பெரும்பகுதி மரமுடிகளில் வாழ்வதால், 1970களில் மத்திய அமெரிக்க நாடாகிய கோஸ்ட்டா ரிக்காவின் லா செல்வா ஆய்வு நிலையத்தில் உயிரியலறிஞர் டொனால்டு பெர்ரி போன்றோர் கயிறுகளின் துணையால் மேலேறி ஆராய்ந்தனர். 1990களில் அந்நாட்டின் மொந்தெவெர்தே மலைப்பகுதியில் மரமுடிகளினூடே செல்லும் கம்பிவடப் பயணம் சுற்றுலாப் பயணிகளுக்குரிய பொழுதுபோக்காயிற்று. பின்னர் உலகெங்கும் பரவியது.

இதற்கு விளையாட்டு வீரரின் உடற்கட்டு வேண்டுமோ என்று பலரும் ஐயுறுகின்றனர். வேண்டுவதில்லை. மேடைக்கு மேடை நடக்கவும் படியேறவும் ஓரளவு மூச்சு வேண்டும். குறித்த எடை வரம்புக்குள் இருத்தல் வேண்டும். எடை குறைந்தவர் சில வேளைகளில் மறுபுறம் எட்டுமுன்னரே நின்றுவிடுவதுண்டு. அப்போது வடத்தைக் கைமாற்றிக் கைமாற்றிப் பற்றித் தம்மை இழுத்துக்கொண்டு வரலாம். இயலாதெனில் வழிகாட்டி வந்து அழைத்துச் செல்வார். ஆகவே, கடினமானது உடலுழைப்பன்று. தரையை விட்டுக் காலை எடுக்கும் அந்த ஒரு நொடியே. வடம் தாங்கும் என்று அறிவு சொல்கிறது. கால் அதை நம்ப மறுக்கிறது.

இந்த மறுப்பு இழிவானதா? அரிஸ்டாட்டில் தம் அறநூலில் துணிவைக் கோழைமைக்கும் முரட்டுத் துணிச்சலுக்கும் இடையில் வைத்தார். எதற்குமே அஞ்சாதவனை அவர் வீரன் என்று கொள்ளவில்லை. பித்தன் என்றே கருதினார். அஞ்சத்தக்கதற்கு அஞ்சுவதை நம் வள்ளுவரும் அறிவின்பாற்படுத்தினார். உயரத்துக்கு அஞ்சும் உடல் பொய் சொல்லவில்லை. அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1997 முதல் 2012 வரையான காலத்தில் இத்தகைய வடங்களில் காயமுற்று மருத்துவமனைகளின் அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கு வந்தோர் ஏறக்குறைய 16,850 பேர் என்று ஆய்வாளர் மதிப்பிட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் கீழே விழுந்தவர்கள்.

அச்சம் நம்மைக் கேள்வி கேட்கச் செய்கிறது. கச்சை சரியாக இறுக்கப்பட்டிருக்கிறதா? ஒரு கொக்கி தவறினால் தாங்க மற்றொன்று உண்டா? கையை எங்கே வைப்பது? தோலுறை அணிந்த கையால் வடத்தை அழுத்தி வேகத்தைக் குறைக்கும் முறையுள்ள இடங்களில், கையைக் கப்பிக்குப் பின்னே வைக்கவேண்டுமேயன்றி முன்னே வைத்தலாகாது. இடையில் மனம் மாறினால் இறங்க வழி உண்டா என்பதையும் புறப்படுமுன்னரே கேட்டறிதல் நன்று. சில தடங்களில் முதல் மேடைகளைக் கடந்தபின் திரும்புதல் அரிது. இக்கேள்விகளைக் கேட்பவரைக் கண்டு வரிசையில் நிற்போர் முகஞ்சுளிக்கலாம். ஆனால் அவர் பெறும் விடை அவ்வரிசை முழுவதையும் அன்றோ காக்கிறது?

இனி, மேடையில் நிற்பவருக்கு இருப்பது ஓர் அச்சமன்று, இரண்டு என்பதை எண்ணிப் பார்ப்போம். முன்னே பள்ளம், பின்னே மனிதர். பள்ளம் உடலை அச்சுறுத்துகிறது. பின்னே நிற்கும் நண்பர்களின் நகைப்பும் புகைப்படக் கருவியும் மானத்தை அச்சுறுத்துகின்றன. “ஒன்றுமில்லை, குதி!” என்ற குரல் எழுகிறது. அவர் கண்களை மூடிக்கொண்டு பாய்ந்துவிடுகிறார். எல்லாரும் கைதட்டுகின்றனர். ஆனால் நடந்தது என்ன? பெரிய அச்சம் சிறிய அச்சத்தை வென்றது, அவ்வளவே. வெட்கத்துக்கு அஞ்சிப் பாய்ந்தவரைத் துணிந்தவர் என்பது, கடனுக்கு அஞ்சி ஊரைவிட்டு ஓடியவரைப் பயணி என்பது போலாகும்.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். பிறர் தூண்டியிராவிட்டால் நாம் எதையுமே செய்திருக்கமாட்டோம் அல்லவா? நீச்சல் பழக்குவதற்காகக் கிணற்றில் தள்ளிவிட்ட மாமனைப் பின்னாளில் நன்றியோடு நினைப்பவர் நம்மிடையே உண்டே? உண்மைதான். ஆனால் அதே கிணற்றடியை நினைத்து இன்றுவரை தண்ணீரில் கால் வைக்காதவரும் உண்டு. அவர்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஊக்கமூட்டுதல் வேறு, நாணச் செய்தல் வேறு. திரும்பும் வழியைத் திறந்து வைத்துக்கொண்டு ‘வா’ என்று அழைப்பது ஊக்கம். அவ்வழியை அடைத்துவிட்டுப் ‘போ’ என்று தள்ளுவது, சிரித்துக்கொண்டே செய்யினும் வன்முறை. நல்ல வழிகாட்டிகள் இதை அறிவர். அஞ்சி நிற்பவரிடம் அவர்கள் அவசரம் காட்டுவதில்லை. இடமிருந்தால் தாமும் உடன் வருவதாகச் சொல்வர். வேண்டாம் என்றால் படியைக் காட்டுவர்.

பொழுதுபோக்காக இப்பயணம் வளர்ந்த மொந்தெவெர்தே மலையின் வரலாற்றிலேயே இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. கொல்லுதல் தகாது என்னும் கொள்கையுடைய குவேக்கர் சபையைச் சேர்ந்த நான்கு இளைஞர், அலபாமா மாநிலத்தில் கட்டாயப் படைச்சேர்ப்புக்குப் பதிவு செய்ய மறுத்து 1949-இல் சிறைத்தண்டனை பெற்றனர். பின்னர் அச்சபையின் குடும்பங்கள் சில, 1948-இல் தன் படையையே கலைத்துவிட்ட கோஸ்ட்டா ரிக்காவைத் தேடிச் சென்று, 1951-இல் அம்மலையில் குடியேறின. தங்கள் நீரோடைகள் பிறக்கும் காட்டை வெட்டாமல் விட்டுவைத்தன. போருக்கு வர மறுப்போரைக் கோழைகள் என்று தூற்றுவது எந்நாட்டிலும் உள்ள வழக்கம். அவ்விளைஞர் மறுத்தது படைச்சேர்ப்பை. சிறையினின்று தப்ப முயலவில்லை. பலர் பார்க்க ‘இல்லை’ என்று சொல்லி, அதன் விளைவைத் தாங்கி நின்றனர். துணிவின் தலையாய செயல் தாக்குவதன்று, தாங்குவதே என்று புனித தாமஸ் அக்குவினாஸ் வகுத்ததை இங்கே நினைவுகூரலாம்.

அப்படியாயின் மறுப்பதெல்லாம் துணிவாகிவிடுமா? ஆகாது. போர் மறுப்பையும் பொழுதுபோக்கு மறுப்பையும் ஒரே தட்டில் வைப்பதும் நம் கருத்தன்று. சோம்பலாலும் மறுக்கலாம், விரும்பியதையே அச்சத்திடம் இழந்துவிட்டுப் பின்னர் ஏங்கவும் செய்யலாம். எனவே, மேடையில் நிற்கும்போது நம்மை நாமே கேட்கவேண்டியது ஒன்றே: யாருமே பார்க்காவிட்டால் நாம் என்ன செய்வோம்? தனிமையிலும் அம்மரங்களுக்கு மேலே ஒருமுறை பறந்து பார்க்கவே விரும்புவோமாயின், நடுக்கத்தோடேயே காலை எடுக்கலாம். நடுக்கம் அத்துணிவைக் குறைத்துவிடாது. பார்ப்பவர்க்காக மட்டுமே பாயப்போகிறோம் எனில், கச்சையை அவிழ்த்துவிட்டுப் படியிறங்கலாம். இறங்கும்போது முதுகுக்குப் பின்னே எழும் சிரிப்பைத் தாங்கவேண்டியிருக்கும். அதற்கும் துணிவு வேண்டும்.

அந்த வரிசையில் எப்போதும் நாமே முதலாவதாக நிற்பதில்லை. பல வேளைகளில் நாம் பின்னே நிற்பவர்கள். குழந்தைகளுக்குப் பின்னே பெற்றோராக, மாணவருக்குப் பின்னே ஆசிரியராக, நண்பருக்குப் பின்னே நண்பராக நிற்கிறோம். முன்னே நிற்பவர் தயங்கித் திரும்பிப் பார்க்கிறார். அப்போது அவர் நம் முகத்தில் காண்பது என்ன என்பதும் ஓர் அறவினாவே.