அதிவாகனம்

இல்லறத்தார்க்கு வகுக்கப்பட்ட அணுவிரதங்கள் ஐந்தனுள் இறுதியாக நிற்பது மிகுபொருள் விரும்பாமை. இவ்விரதத்தை ஏற்பவர் நிலம், மனை, பொன், தானியம் முதலியவற்றுக்குத் தாமே ஓர் எல்லை வகுத்துக்கொண்டு அதனுள் அடங்கி வாழ்கிறார். சமந்தபத்திர ஆசாரியர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இவ்விரதத்துக்குரிய அதிசாரங்களாக ஐந்தைக் கூறுகிறார். அவற்றுள் முதலாவது அதிவாகனம். அந்நூலின் பொருளைத் தமிழில் தருவதே நாம் போற்றும் அருங்கலச்செப்பு.

அதிவாகனம் என்பதற்கு, பேராசையால் எருது முதலியவற்றை அவற்றின் ஆற்றலுக்கு மேல் ஓட்டுதல் என்று உரை கூறுவர். தேவைக்கு மிஞ்சிய ஊர்திகளை வைத்திருத்தல் என்றும் பொருள் கொள்வதுண்டு. எருது பூட்டுவார் அருகிவிட்ட இந்நாளில், நகரத்துச் சிராவகரை நேரே நோக்கிக் கேட்பது இரண்டாவது பொருளே. இதுகாறும் ஏட்டளவில் நின்ற இக்கேள்வி, அண்மையில் நம் அன்பர் ஒருவர் வாயிலாக உயிர் பெற்றது.

வந்தவாசிப் பகுதிச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்து அடையாற்றில் குடியேறியவர் அவர். பணி ஓய்வு பெற்றவர். பொன்னூர் மலையில் குந்தகுந்த ஆசாரியரின் திருவடிகளைத் தரிசித்த நாளில், தம் உடைமைக்கு எல்லை வகுத்துக்கொண்டார். அதில் ஊர்தி ஒன்று எனக் குறித்திருக்கிறார். மனைவியாரின் முழங்கால் நோய்க்காக மருத்துவமனைக்குச் செல்ல ஒரு சிறு கார் ஏற்கெனவே இருக்கிறது. இந்நிலையில் தியாகராய நகரில், பழைய வீடொன்றின் கொட்டகையில், இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஓடாது நிற்கும் ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்று விலைக்கு வந்தது. கணவரை இழந்த மூதாட்டி ஒருவர் அதன் உடைமையாளர். வாங்கலாமா என்று அன்பர் நம்மைக் கேட்டார்.

ஹெரால்டை அறியாத இளைஞர்க்கு ஒரு சொல். அது சென்னைக்கே உரிய கார். இத்தாலியரான மிக்கேலோட்டி வடிவமைத்து, 1959இல் இங்கிலாந்தில் டிரையம்ப் நிறுவனம் வெளியிட்டதை, 1961 முதல் வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனத்தார் செய்து விற்றனர். எஞ்சின் 948 கன சென்டிமீட்டர். முன்புறம் முழுவதும் ஒரே மூடியாக முன்னோக்கித் திறக்கும். இதன் அடிச்சட்டத்தைக் குறுக்கி அமைத்தே 1962இல் ஸ்பிட்ஃபயர் என்னும் இருவர் அமரும் ஸ்போர்ட்ஸ் கார் பிறந்தது. ஆகவே ஹெரால்டை அதன் தமக்கை எனலாம். இளமையில் சோழவரத்துக் கார்ப் பந்தயங்களுக்குச் சென்று வந்த நம் அன்பருக்கு, அந்த உறவே பாதி மயக்கம். உமாசுவாமி ஆசாரியர் பரிக்கிரகத்தை மூர்ச்சை என்னும் சொல்லால் விளக்கியது எத்துணைப் பொருத்தம்! பொருளன்று, பொருளின்மேல் உள்ள மயக்கமே பரிக்கிரகம்.

இவ்வாறு நெடுநாள் நின்ற வண்டியின் நிலை கவர்ச்சியானதன்று. தொட்டியிலுள்ள பெட்ரோல் பிசினாகிவிடும். பிரேக்கின் ரப்பர்கள் உப்பியும் வெடித்தும் போகும். கடற்காற்று அடித்தகட்டை அரித்துவிடும். இறுகிப்போன எஞ்சினை உடனே பாட்டரியால் சுழற்றினால் உடையும். பிளக்குகளைக் கழற்றி எண்ணெய் ஊற்றிச் சில நாள் விட்டு, கையால் மெல்லச் சுற்றிப் பார்க்கவேண்டும். இன்றைய பெட்ரோலில் கலந்துள்ள எத்தனால் பழைய ரப்பர்க் குழாய்களைத் தின்றுவிடும். செய்த நிறுவனமோ 1980களின் இறுதியிலேயே உற்பத்தியை நிறுத்திவிட்டது; உதிரிப் பாகத்துக்கு ஜெனரல் பாட்டர்ஸ் சாலையிலும் புதுப்பேட்டையிலும் தேடி அலையவேண்டும்.

பணச்செலவைவிட நம்மை நிறுத்தி வைப்பது வேறொன்று. அந்த மூடியின் கீழ் குளவி மண்கூடு கட்டியிருக்கிறது. இருக்கைப் பஞ்சில் எலி குட்டி போட்டிருக்கக்கூடும். பல்லி, சிலந்தி, எறும்பு எண்ணில. சாவியைத் திருப்பும் ஒரு நொடியில் அத்தனைக்கும் என்ன நேரும்? வாங்குவார் எவராயினும், குஞ்சும் புழுவும் வெளியேறிய பருவம் பார்த்துத் தூய்மை செய்யவேண்டும். மழைக்காலத்தில் தொடுதல் தகாது. (இருக்கை தோலால் ஆனதா என்றும் கேட்டோம், ரெக்ஸின்தான் என்றார்.)

விரதத்துக்கு வருவோம். மகன் பெயரில் வாங்கிவிட்டால் எல்லை மீறாதல்லவா என்று உறவினர் ஒருவர் வழி சொன்னாராம். இதை நாம் ஏற்கோம். எல்லை வகுத்தது பதிவுப் புத்தகத்துக்கு அன்று, விருப்பத்துக்கு. மகன் பெயரில் நிற்கும் காரைத் தந்தை காலையும் மாலையும் துடைத்துக்கொண்டிருந்தால் விரதம் எங்கே நின்றது?

இருப்பதை விற்றுவிட்டு இதனை வைத்துக்கொண்டால்? எண்ணிக்கைக்கு அது ஒக்கும். ஆனால் நோயுற்றவரை ஏற்றிச் செல்ல அறுபதாண்டுக் காரை நம்ப இயலுமா? மேலும், 2021 ஜூலையில் நடுவணரசு வகுத்த விதிப்படி, ஐம்பதாண்டு கடந்த ஊர்தியைப் பழம்பெரும் ஊர்தியாகப் பதிந்து 'வி.ஏ.' என்னும் எழுத்துகளோடு எண் பெறலாம். அவ்வாறு பதிந்ததை அன்றாடப் பயணத்துக்கு ஓட்டக்கூடாது. கண்காட்சி, அணிவகுப்பு, ஆராய்ச்சி, பராமரிப்பு போன்றவற்றுக்கே சாலையில் எடுக்கலாம். ஊர்தியாகப் பயன்படாத ஊர்தி என்று சட்டமே சொல்லிவிட்டபின், தேவை என்ற சொல்லுக்கு இடமேது? பொதுப் பதிவையே புதுப்பித்து ஓட்டுவார் உளர். அவர்க்கு இவ்வாதம் பொருந்தாது என்பதை மறுக்கவில்லை.

நாம் வாங்காவிடில் அது புதுப்பேட்டைக்குப் போய்த் துண்டாகுமே, காப்பதும் ஒரு கருணையல்லவா என்றார் அன்பர். இரும்பு அசீவம், அதற்கு வலியில்லை. ஆயினும் பல தொழிலாளர் கைத்திறனை மதிப்பது தீதன்று. அம்மதிப்புக்கு உடைமை வேண்டுமா என்பதே நம் ஐயம். 2023இல் வடபழனியில் திறக்கப்பட்ட ஏவி.எம். அருங்காட்சியகத்தில் பழைய கார்களை எவரும் காணலாம். தியாகராய நகரிலேயே எம்.ஜி.ஆர். நினைவு இல்லத்தில் அவருடைய அம்பாசிடர் நிற்கிறது. கண்டு மகிழ்ந்து திரும்பலாம். பிறர் செல்வம் கண்டு வியத்தலையும் ஆசாரியர் அதிசாரமாக எண்ணியிருக்கிறார். ஆதலால் அங்கும் சிறிது எச்சரிக்கை வேண்டும்.

மயிலையைக் கடக்கும்போதெல்லாம் நமக்கு நேமிநாதர் நினைவு வரும். அங்கிருந்த ஆலயம் கடல்கோளுக்கு உள்ளாகும் என்று அஞ்சி, பகவானின் திருவுருவம் மேல்சித்தாமூருக்கு எழுந்தருளப்பெற்றது என்பது நம் மரபு. திருமணத்துக்குப் புறப்பட்ட வழியில், விருந்துக்காக அடைக்கப்பட்ட விலங்குகளின் ஓலம் கேட்டுத் தேரைத் திருப்பியவர் அவர். அத்தேர் பழுதானதன்று, அன்று நகரிலேயே சிறந்த தேராகத்தான் இருந்திருக்கும்.

இனி விலை. மூதாட்டி கேட்டது பழைய இரும்புக் கடைக்காரன் சொன்ன தொகை. பழங்கார் விரும்புவோர் அதைப்போலப் பன்மடங்கு தருவர் என்பதை அன்பர் அறிவார், அம்மையார் அறியார். வாய் திறவாது வாங்கினால் பொய்யும் இல்லை, களவும் இல்லை என்று வாதிடலாம். நாம் அதை ஒப்பவில்லை. வாங்கினாலும் வாங்காவிடினும் உண்மை விலையைச் சொல்லிவிடும்படி கேட்டுக்கொண்டோம். சென்ற கிழமை அவர் சென்று சொல்லிவிட்டார். மூதாட்டி இப்போது வேறு இருவரிடம் விலை கேட்டுக்கொண்டிருக்கிறார்.