காயில் சோதனையும் கருதல் அளவையும்

பெட்ரோல் காரின் எஞ்சின் குலுங்கி இழுவை குறைந்தால், கடலூர், சிதம்பரம் பட்டறைகளில் ‘மிஸ்ஸிங்’ என்பார்கள். ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. எரியாததை யாரும் கண்ணால் பார்ப்பதில்லை. குலுங்கலைக் கொண்டு கருதுகிறார்கள். கண்ட காரியத்திலிருந்து காணாத காரணத்தை எவ்வளவு உறுதியாக அறியலாம் என்ற கேள்வியை இதே வட்டாரம் 13ஆம் நூற்றாண்டிலேயே ஆராய்ந்தது. பண்ருட்டிக்கு அருகிலுள்ள திருத்துறையூரைச் சேர்ந்த அருணந்தி சிவாசாரியார், சிவஞான சித்தியார் என்ற சைவ சித்தாந்த நூலில், அறியும் வழிகளான அளவைகளைக் காட்சி (நேரில் காண்பது), கருதல் (ஊகித்து அறிவது), உரை (நம்பத்தக்க சொல்) என மூன்றாக வகுத்தார். பிறர் சொல்லும் அளவைகள் இவற்றுள் அடங்கும் என்பது அவர் முடிபு.

ஐயமும் திரிபும் (ஒன்றை வேறாக அறிவதும்) நீங்கிய காட்சியே அளவையாகும். மிஸ்ஸிங்குக்குக் காயில் காரணமா என்று பார்ப்பதிலேயே இது விளங்கும். இக்னிஷன் காயில் பேட்டரியின் 12 வோல்ட்டைப் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்தி ஸ்பார்க் பிளக்கில் பொறி எழுப்புவது. காயிலைக் கழற்றி, வெளியே பொறி விடுகிறதா என்று பார்ப்பது பழைய வழக்கம். வெளிக்காற்றில் பளிச்சென்று பொறி விடும் காயில், சிலிண்டருக்குள் அழுத்தப்பட்ட கலவையில் தோற்றுப்போகலாம். அங்கே பொறி தாண்ட இன்னும் அதிக வோல்ட் வேண்டும். அந்தப் பொறியை நம்பிக் காயில் நல்லது என்று முடிவு கட்டுவது திரிபு. மீட்டரில் ஓம் அளந்தாலும் இதே சிக்கல்தான்: ஆறியிருக்கும்போது சரியான அளவு காட்டும் காயில், சூடேறியபின் விட்டுப்போகலாம். தயாரிப்பாளரின் கையேடு சொல்லும் அளவு தெரியாவிட்டால் மீட்டரின் எண்ணுக்கே பொருளில்லை. பட்டறையிலும் உரை வேண்டியிருக்கிறது.

உறுதியான வழி இடம் மாற்றிப் பார்ப்பது. ஸ்கேனரில் பி0302 என்ற பிழைக் குறியீடு வந்தால் மிஸ்ஸிங் இரண்டாவது சிலிண்டரில். ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக் காயில் உள்ள வண்டியானால், எஞ்சினை நிறுத்தி, இரண்டாவது காயிலையும் மூன்றாவதையும் ஒன்றுக்கொன்று மாற்றி மாட்டி, பழைய குறியீட்டை அழித்துவிட்டு ஓட்ட வேண்டும். இப்போது பி0303 வந்தால் குற்றம் காயிலில். பி0302 அப்படியே நின்றால் பிளக், இன்ஜெக்டர், வயரிங், கம்ப்ரெஷன் என்று தேட வேண்டும். கடற்காற்று படும் வண்டியில் கனெக்டர் பின்னில் பச்சை பூத்திருக்கிறதா என்றும் பார்ப்பது நல்லது. காரணம் போகும் இடத்துக்குக் காரியமும் போகிறது, அது விலகிய இடத்தில் இதுவும் விலகுகிறது. புகை கொண்டு தீயை அறிவதைக் காரிய ஏது என்றும், குளிர் இல்லாமை கொண்டு பனி இல்லாமையை அறிவதை அநுபலத்தி என்றும் சித்தியார் பிரிக்கிறது. இடமாற்றச் சோதனையில் இரண்டும் சேர்ந்தே வேலை செய்கின்றன.

காரியத்திலிருந்து காரணத்தைக் கருதும் இதே வழியில், பெண்ணாடத்தில் பிறந்த மெய்கண்டார், தோன்றி நின்று ஒடுங்கும் உலகுக்கு ஒரு கர்த்தா உண்டு என்று சிவஞானபோதத்தின் முதல் சூத்திரத்தில் நிறுவுகிறார். காட்சி ஒன்றையே நம்பும் உலகாயதர் இதை ஏற்பதில்லை. அவர்கள் பக்கம் நின்று ஒரு வலுவான கேள்வி கேட்கலாம்: காயிலை மாற்றிப் பார்க்கலாம், கர்த்தா இல்லாத இன்னோர் உலகை எங்கே ஓட்டிப் பார்ப்பது? இந்தத் தடை உண்மையானது, தட்டிக்கழிக்கக் கூடாதது. ஆனால் சைவ சித்தாந்தம் கருதலை மட்டும் நம்பி நிற்கவில்லை. கர்த்தா உண்டு என்பது வரையே கருதல் அழைத்துச் செல்லும். உலகப் பொருள்வழி அறிவான பாச ஞானத்தாலும் உயிரின் அறிவான பசு ஞானத்தாலும் பதியாகிய இறைவனை உணர முடியாது, திருவருளாலேயே உணர முடியும் என்பது அதன் நிலை. சிதம்பரத்தில் வாழ்ந்த உமாபதி சிவாசாரியார் அந்த அருளைப் பற்றியே திருவருட்பயன் என்று தனி நூல் செய்தார்.