காப்பாற்றியவன் கடன்

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. காப்பி டம்ளரும் கையுமாகத் தினசரியைப் புரட்டிக்கொண்டிருந்தேன். கூடத்து மூலையிலிருந்து என் பெண் அலறினாள்.

"அப்பா! ஓடி வாங்களேன்! அம்மா மீன் குட்டியைத் தின்னுது!"

ஓடிப்போய்ப் பார்த்தேன். ஒன்றரை அடி நீளக் கண்ணாடித் தொட்டி. அதில் 6 கப்பி மீன்கள். கப்பி முட்டையிடும் ஜாதியல்ல. ஏறக்குறைய 4 வாரம் வயிற்றில் சுமந்து, நீந்தத் தெரிந்த குட்டியாகவே போடும் ஜாதி. அன்று ஒரு தாய் அந்தக் காரியத்தில்தான் இருந்தது. குட்டி ஒன்று விழும். ஒரு கணம் தத்தளித்து மேலே ஏறும். பெற்றவளே திரும்பி வந்து லபக்கென்று விழுங்கிவிடுவாள்.

தேநீர் வடிகட்டியை எடுத்து, எஞ்சியிருந்த 11 குட்டிகளை அள்ளி ஒரு ஊறுகாய்ப் பாட்டிலில் விட்டேன். அன்று முழுவதும் வீட்டில் எனக்குத் தெய்வத்தின் அந்தஸ்து. வந்தவர் போனவரிடமெல்லாம், "எங்கப்பா காப்பாத்திட்டார்" என்று சொல்லி மகிழ்ந்தாள் குழந்தை. அந்த அந்தஸ்துக்கு நான் கொடுத்த விலையைப் பற்றித்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

முதலில் அந்தத் தாய்க்காக ஒரு வார்த்தை. அவளை ராட்சசி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கப்பியின் சொந்த ஊர் டிரினிடாட் தீவும் வெனிசுவேலாப் பக்கமும். அங்கே ஓடைகளில் கல்லிடுக்கு உண்டு, வேர் உண்டு, புல் உண்டு. பிறந்த குட்டி ஒரே பாய்ச்சலில் ஒளிந்துகொள்ளலாம். என் தொட்டியில் எங்கே ஒளியும்? நாலு பக்கமும் கண்ணாடி. அந்தச் சுவரை எழுப்பியவன் நான். கொலைக்கு இடம் அமைத்துக் கொடுத்தவனே, கொலையைத் தடுத்த புண்ணியவானாகவும் நின்றேன்.

அவித்த முட்டையின் மஞ்சள் கருவைத் துணியில் பிழிந்து ஊட்டினோம். குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்து, குளோரின் வாடை போன பிறகு மாற்றினோம். 11 குட்டிகளும் பிழைத்தன. பிழைத்தவை பெருகின. பெண் கப்பி ஒரு முறை ஆணோடு சேர்ந்தால் போதும். அந்த வித்தைச் சேமித்து வைத்துக்கொண்டு மாதக் கணக்கில் பிரசவித்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு பிரசவத்துக்கும் நான் வடிகட்டியோடு காவல் நின்றேன். 6 மாதத்தில் எண்ணிக்கை 200-ஐத் தாண்டிவிட்டது.

ஒரு நாள் விடியலில் பார்த்தால், அத்தனையும் நீர்மட்டத்தில் வாயைப் பிளந்துகொண்டு நிற்கின்றன. கூட்டம் மிஞ்சியதால் மூச்சுக்குக் காற்றில்லை. கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியாவை மாற்றித் தீங்கு குறைக்கிற பாக்டீரியாக்களாலும் ஈடுகொடுக்க முடியவில்லை. பெற்றவள் செய்ததைவிடக் கொடிய காரியத்தை, அன்பு என்ற பெயரால், நான் நிதானமாகச் செய்துகொண்டிருந்தேன்.

"குளத்தில் விட்டுடலாம்ப்பா" என்றாள் பெண். எனக்கும் அது உத்தமமாகத் தோன்றியது. வாளியும் கையுமாகத் தெருவில் இறங்கியபோது, எதிர்வீட்டு ஓய்வுபெற்ற விலங்கியல் வாத்தியார் நிறுத்தினார்.

"விட்டால் உங்க மனசு லேசாகும், ஸார். குளத்துக்கு என்ன ஆகும்?"

கொசுப் புழுவைத் தின்னட்டும் என்று உலகத்தில் பல நாடுகளில் இந்த மீனைச் சாக்கடைகளிலும் குளங்களிலும் விட்டார்களாம். அது புழுவோடு நிற்கவில்லை. பல இடங்களில் உள்ளூர்ச் சிறு மீன்களின் முட்டையையும் குஞ்சையும் தின்று, இடத்தையும் பிடித்துக்கொண்டது. சினைப்பட்ட ஒரே ஒரு பெண் மீன் போதும், ஒரு குளத்தை நிரப்ப. நான் வாளியோடு வீட்டுக்குத் திரும்பினேன்.

கடைசியில், வண்ண மீன் வளர்ப்புக்குப் பேர்போன சென்னைக் கொளத்தூருக்குப் போனேன். வரிசையாகச் சிமெண்டுத் தொட்டிகள் வைத்திருந்த ஒருவர் என் மீன்களைப் பார்த்தார். நிறமும் வாலும் தேறியவற்றை ஒரு பக்கம் ஒதுக்கினார். முதுகு வளைந்தவற்றையும் நிறம் மங்கியவற்றையும் கையில் அள்ளி, பெரிய மீன்கள் கிடந்த மூலைத் தொட்டியில் போட்டார். நீர் ஒரு முறை கலங்கியது. அவ்வளவுதான்.

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் சிரிக்கவில்லை. "ஆத்துல இருந்தா இதை வேற ஒண்ணு செஞ்சிருக்கும் சார். இங்கே நான்தான் செய்யணும்" என்றார்.

வீடு திரும்பும்போது அந்த வாக்கியம் கூடவே வந்தது. ஜான் எண்ட்லர் என்ற விஞ்ஞானி டிரினிடாடில் நடத்திய சோதனை ஒன்று நினைவுக்கு வந்தது. 1976-இல் அவர், கொடிய எதிரி மீன்கள் வாழும் ஓடைப் பகுதியிலிருந்து கப்பிகளைப் பிடித்து, அத்தகைய எதிரி இல்லாத மேல் ஓடையில் விட்டார். இரண்டே ஆண்டில் அவற்றின் சந்ததியில் ஆண்களின் புள்ளிகள் பெருகி, நிறம் பளிச்சென்று ஏறிவிட்டது. எவ்வளவு அழகு கொள்ளலாம், எத்தனை பேர் வாழலாம் என்பதையெல்லாம் அங்கே எதிரியும் சேர்ந்து தீர்மானித்திருக்கிறான்!

எதிரியை விலக்கியவன், எதிரியின் வேலையையும் ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. கொளத்தூர்க்காரர் அதைக் கண் திறந்து செய்கிறார். நான் பார்க்க மறுத்து, பிறகு அவர் கையால் செய்வித்தேன். எங்களில் யார் கருணையுள்ளவர்? அவரை நிஷ்டூரமாக நினைக்கும் தகுதி எனக்கில்லை என்று மட்டும் தெரிந்தது.

இப்போது தொட்டியில் ஆணும் பெண்ணும் வேறு வேறாக இருக்கின்றன. பெண்கள் பகுதியில் பாசியை அடர்த்தியாக வளர்த்திருக்கிறேன். பழைய சேமிப்பில் பிரசவம் நடந்தால், ஒளிந்துகொண்ட குட்டி வாழட்டும். வடிகட்டி சமையலறைக்குத் திரும்பிவிட்டது.

"இனிமே காப்பாத்த மாட்டீங்களாப்பா?" என்று கேட்டாள் பெண்.

"காப்பாத்தினா கடைசி வரைக்கும் வெச்சுக் காப்பாத்தணும்மா. அவ்வளவு இடம் நம்மகிட்டே இல்லை" என்றேன். அவள் முகம் வாடிற்று. என் தெய்வப் பதவி அன்றோடு போயிற்று.

முதல் 11 குட்டிகளில் ஒன்று முதுகு வளைந்தது. கொளத்தூருக்குப் போன அன்று அதைப் பாட்டிலில் மறைத்து வைத்துவிட்டாள் என் பெண். அதுவும் தனியே ஒரு கண்ணாடி ஜாடியில், கோணலாக நீந்திக்கொண்டு இருக்கிறது. தினம் காலையில் அதற்குத் தீனி போடுவதும் தண்ணீர் மாற்றுவதும் என் வேலை. அன்று வடிகட்டியை நீட்டிய கை என்னுடையதுதானே? ஓர் உயிரைச் சாவிலிருந்து இழுத்துவிடுவது ஒரு நொடி வேலை. அதற்கான கடனை அடைக்கத்தான் நாள் பிடிக்கிறது.