தாய்ப்பத்திரமும் கொடிவழியும்

நெமிலிச்சேரிப் பக்கம் மனை வாங்க வருகிறவன் முதலில் கேட்பது தாய்ப்பத்திரத்தை. விற்கிறவனுக்கு இது யாரிடமிருந்து வந்தது, அவருக்கு யாரிடமிருந்து வந்தது, 30 வருஷத்து வில்லங்கம் என்ன சொல்கிறது, கையெழுத்துப் போடாத வாரிசு யாராவது மிச்சமிருக்கிறாரா என்று பார்த்த பிறகுதான் முன்பணம். வண்டலூர் - மீஞ்சூர் வெளிவட்டச் சாலை அந்த வழியாகப் போன பிறகு இந்த விசாரணை இன்னும் கறாராகிவிட்டது. நிலத்திடம் வம்சாவளி கேட்பதில் தவறில்லை. மனிதனிடமும் அதே பத்திரத்தைக் கேட்கும்போதுதான் விவகாரம் தொடங்குகிறது. 'உங்களுக்குச் சொந்த ஊர் எது?' என்பது பெரும்பாலும் ஊரைத் தெரிந்துகொள்வதற்கான கேள்வியாக இருப்பதில்லை.

முன்னோரை நினைப்பது எப்போது கடமையாக இருக்கிறது, எப்போது உடைமையாக மாறிவிடுகிறது? நமது சாதி விவகாரத்திலிருந்து மட்டும் இதை யோசித்தால், பிறப்பை நம்புகிற சமூகம் வேறு எப்படி இருக்கும் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். பிறப்பை நம்பவே மாட்டோம் என்று ஆரம்பித்த ஒரு கூட்டத்தை எடுத்துக்கொண்டால் கேள்வி கூர்மையாகிறது. மெனோனைட்டுகள் அப்படிப்பட்டவர்கள்.

1525 ஜனவரியில் ஜூரிச் நகரில் கொன்ராட் கிரேபெல் என்பவர், குருவாக இருந்த ஜியார்ஜ் பிளவ்ராக்குக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். குழந்தையில் பெற்ற ஞானஸ்நானம் செல்லாது, விசுவாசம் என்பது அறிந்து தேர்ந்துகொள்வது, தகப்பன் கிறிஸ்தவன் என்பதால் பிள்ளை கிறிஸ்தவன் ஆவதில்லை என்பது அவர்கள் வாதம். இரண்டு வருஷத்துக்குள் அவர்களில் ஒருவரான பெலிக்ஸ் மான்ஸை லிம்மாத் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றார்கள். 1536இல் கத்தோலிக்கக் குருத்துவத்தை விட்டு இவர்களோடு சேர்ந்த மென்னோ சைமன்ஸின் பெயரே பிறகு கூட்டத்துக்கு நிலைத்தது.

இவர்களுடைய முதல் வம்சாவளி ரத்த சம்பந்தமானது அல்ல. 1660இல் டச்சு மொழியில் வெளியான 'தியாகிகளின் கண்ணாடி' என்ற பெரும் தொகுப்பு, விசுவாசத்துக்காகச் செத்தவர்களின் வரிசை. 1573இல் ஆண்ட்வெர்ப்பில் மேய்க்கென் வென்ஸ் என்ற பெண்ணை எரித்தபோது, பேசிவிடக் கூடாது என்று நாக்கில் திருகாணி முடுக்கியிருந்தார்கள். நெருப்பு அடங்கிய பின் அவளுடைய மூத்த பையன் சாம்பலைக் கிளறி அந்தத் திருகாணியைத் தேடி எடுத்தான் என்று அந்த நூல் சொல்கிறது. தாயிடமிருந்து அவனுக்கு வந்த ஆஸ்தி அது. அதை வைத்து யாரும் எதற்கும் உரிமை கோர முடியாது.

பிறகு நடந்தது வேறு. நெதர்லாந்திலிருந்து விஸ்டுலா ஆற்றுப் படுகைக்கு, அங்கிருந்து 1789 முதல் இன்றைய உக்ரேனுக்கு, 1874 முதல் கன்சாஸுக்கும் மனிடோபாவுக்கும் என்று பெயர்ந்துகொண்டே இருந்தவர்கள் தங்களுக்குள்ளேயே மணம் செய்துகொண்டார்கள். ஃப்ரீசன், பென்னர், வீபே, டிக் என்று கொஞ்சம் பெயர்களே திரும்பத் திரும்ப வந்தன. எந்த வீபே என்று தெரிய வம்சப் புத்தகம் தேவைப்பட்டது. இன்று கலிபோர்னியாவில் இவர்களுடைய வரலாற்றுச் சங்கம் வைத்திருக்கும் வம்சாவளித் தொகுப்பில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. பிறப்பு ஒன்றும் இல்லை என்று சொல்லிச் செத்தவர்களின் வாரிசுகள், பிறப்பை இவ்வளவு நுணுக்கமாக எழுதிவைத்திருக்கிறார்கள்.

இதைக் கேலி செய்வதற்கில்லை. பென்சில்வேனியாவின் பழமைவாத மெனோனைட்டுகளிடையே, சிறுநீரில் சர்க்கரைப்பாகு வாசனை வீசி, கவனிக்காவிட்டால் சிசுவைக் கொன்றுவிடும் ஒரு பரம்பரை நோய் அதிகம். சில மூதாதையரிடமிருந்து வந்து, நெருங்கிய உறவுக்குள்ளேயே சுற்றிய நோய் அது. 1989இல் அங்கே இந்தக் குழந்தைகளுக்கென்றே ஒரு மருத்துவமனை தொடங்கப்பட்டது. இத்தகைய மருத்துவத்தில் கொடிவழி உயிர் காக்கிற தஸ்தாவேஜு. ஆனால் 1930களின் ஜெர்மனியில் ஆரிய ரத்தத்தை நிரூபிக்கத் திருச்சபைப் பதிவேடுகள் தேவைப்பட்டபோது, மெனோனைட் வம்சப் பட்டியல்களும் அதற்குப் பயன்பட்டன. எழுதியவன் பாசத்தோடு எழுதியிருக்கலாம். பட்டியல் யார் கைக்குப் போகிறது என்பதில் அந்தப் பாசத்துக்கு அதிகாரமில்லை.

நெமிலிச்சேரிக்கு அடுத்த ஸ்டேஷன் திருநின்றவூர். பூசலார் மனசுக்குள் கோயில் கட்டிய ஊர். காஞ்சியில் அரசன் கட்டிய கற்றளிக்கு அன்று வராமல் சிவன் இந்தக் கோயிலுக்கு வந்தான் என்பது கதை. மனக்கோயிலில் பரிவட்டம் கிடையாது. முதல் மரியாதை எந்தக் குடும்பத்துக்கு என்ற வழக்கும் கிடையாது. கட்டியவனோடு அது முடிந்துவிடும், அடுத்தவன் தன்னுடையதைத் தானே கட்டிக்கொள்ள வேண்டும். ஜூரிச்சில் 1525இல் கேட்டதும் ஏறக்குறைய இதைத்தான். ஆனால் திருநின்றவூரில் இன்று இருப்பது கல் கோயில். மனசில் கட்டியது நிற்க வேண்டுமென்றால் கல்லும் பதிவேடும் வந்துவிடுகின்றன. எந்த மரபுக்கும் இந்த நிர்ப்பந்தத்திலிருந்து விடுதலை இருப்பதாகத் தெரியவில்லை.

நம்மூர்க் கிறிஸ்தவமும் இதில் மாட்டிக்கொண்டதுதான். சாதி வித்தியாசத்தைச் சபைக்குள் அடியோடு விட்டுவிட வேண்டும் என்று 1833இல் பிஷப் டேனியல் வில்சன் சுற்றறிக்கை விட்டபோது, தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே விலகினார்கள். இன்றும் பாடப்படும் கீர்த்தனைகளை இயற்றிய வேதநாயக சாஸ்திரியார், அதற்குச் சில வருஷங்களுக்கு முன்பே சாதி வழக்கத்துக்குச் சார்பாக வாதாடி எழுதியிருந்தார். ஞானஸ்நானம் புதுப் பெயர் கொடுத்தது. தாய்ப்பத்திரத்தை யாரும் கிழிக்கவில்லை.

மெனோனைட்டுகள் நம் பக்கத்துக்கும் வந்தார்கள். ருஷ்யாவிலிருந்து ஆபிரகாம் ஃப்ரீசனும் மரியாவும் 1889இல் தெலுங்கானாவின் நல்கொண்டாவுக்கு வந்தார்கள். அமெரிக்க மெனோனைட்டுகள் 1899இல் மத்திய இந்தியாவின் தம்தரியில் இறங்கினார்கள். பஞ்ச காலம் அது. தம்தரி சபையின் முதல் தலைமுறையில் பலர் அந்தப் பஞ்சத்தின் அநாதைக் குழந்தைகள். தெலுங்கானாவில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா சாதிகளைச் சேர்ந்தவர்கள். நிலம் இல்லாதவன் பெயர் பட்டாவில் ஏறாது. பட்டாவில் ஏறாதவனின் பாட்டன் பெயரைக் கண்டெடுப்பது சுலபமல்ல.

கலிபோர்னியாவின் 10 லட்சம் பெயர்கள் பெரும்பாலும் அந்த விஸ்டுலா, உக்ரேன் குடும்பங்களின் பெயர்கள். மிஷனரி ஃப்ரீசனுக்கு அங்கே முன்னும் பின்னும் கிளைகள் உண்டு. அவரிடம் ஞானஸ்நானம் பெற்றவனுக்குக் கிளை கிடையாது. கிரேபெல் வைத்த அளவுகோலின்படி பார்த்தால், பிறந்த மதத்தை விட்டுத் தானாகத் தேர்ந்துகொண்ட இரண்டாமவன்தான் அசல் மெனோனைட். தேர்வால் உண்டான சமூகத்துக்குள் தேர்ந்தவனைவிடப் பிறந்தவனுக்கு நீளமான விலாசம். இது யாருடைய துவேஷத்தாலும் நேர்ந்ததல்ல என்பதுதான் யோசிக்க வைக்கிறது. பட்டியல் தன் சுபாவப்படியே வளர்ந்தது, அவ்வளவுதான்.

ஆகவே வம்சாவளியே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? வீட்டில் கொடிவழி இருக்கிறவன் அப்படிச் சொல்வது சுலபம். துறப்பதற்கு முதலில் கையில் இருக்க வேண்டும். பிளவ்ராக்குக்குக் குழந்தை ஞானஸ்நானம் இருந்தது, அதை மறுத்தார். தம்தரிக் குழந்தையிடம் மறுப்பதற்குக்கூட ஒன்றுமில்லை, பஞ்சம் எடுத்துக்கொண்டுவிட்டது. இருவரும் தங்கள் பெயரிலிருந்துதான் வரிசையைத் தொடங்க வேண்டியிருந்தது என்றாலும், ஒருவருக்கு அது சுதந்திரம், மற்றவருக்கு நஷ்டம். இதை ஒன்றாக்கிப் பேசுவது அநியாயம்.

தர்ப்பணத்தில் நாம் சொல்வது மூன்று தலைமுறை. அதற்கு மேல் பெயர் தேவையில்லை, எள்ளும் தண்ணீரும் போதும். சாதி காப்பதில் சளைக்காத அதே சம்பிரதாயம், இந்த ஒரு இடத்தில் மட்டும் பெயர்களைக் கடனாக வைத்து, தீர்ந்ததும் விட்டுவிடுகிறது. கொடிவழியை அப்படிப் படிக்க முடியுமானால் அது நினைவு. அந்தத் தாயின் பையன் சாம்பலிலிருந்து எடுத்தது இந்த வகை. அதைக் காட்டி எதையும் கேட்க ஆரம்பிக்கும்போது அது பத்திரம். தம்தரிக் குழந்தையின் பெயரை பிளவ்ராக்கின் பெயருக்கு அடுத்த வரியில் எழுத இடமில்லாத பட்டியல், எத்தனை லட்சம் பெயர்களை வைத்திருந்தாலும், மனைக்குப் போட்ட சுற்றுச்சுவர்தான்.