ஏற்போர்க்கும் அறம் உண்டு

தானத்தின் பெருமையைப் பேசாத சமண அறநூல் இல்லை. உமாசுவாமிகள் அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் தானத்தைப் பற்றிய இரு சூத்திரங்களோடுதான் நிறைவு பெறுகிறது. தனக்கும் பிறர்க்கும் நன்மை விளையும் பொருட்டுத் தன் பொருளை விட்டுக்கொடுத்தல் தானம் என்பது முதலாவதன் கருத்து. கொடுக்கும் முறை, கொடுக்கும் பொருள், கொடுப்போன், ஏற்போன் ஆகிய நான்கின் சிறப்பால் தானத்தின் பயனும் சிறக்கும் என்பது இரண்டாவதன் கருத்து. இந்நான்கனுள் முதல் மூன்றையும் நாம் விரிவாகப் பேசுகிறோம். ஏற்போனைப் பற்றிப் பேசும்போது மட்டும், அவன் தகுதியுடையவனா எனக் கொடுப்போன் ஆராய வேண்டும் என்ற அளவில் நின்றுவிடுகிறோம். ஏற்போன் தன்னைத் தானே ஆராய வேண்டாமா? பெறுவதற்கும் ஒரு நெறி உண்டன்றோ?

இக்கேள்வி இன்று நம் இல்லங்களின் வாயிலில் வந்து நிற்கிறது. வந்தவாசி, ஆரணி, செய்யாறு, திண்டிவனம், காஞ்சிபுரம் வட்டாரங்களில் வாழும் நம் குடும்பங்களிலிருந்து மேற்படிப்புக்காகக் கடல் கடந்தோர் பலர். இப்பொழுதோ பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த கையோடு, இளங்கலைப் பட்டத்திற்கே அயல்நாட்டுக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும் ஆர்வம் பிள்ளைகளிடம் வளர்ந்துள்ளது. அமெரிக்காவின் புகழ்பெற்ற தனியார் கல்லூரிகள் பலவற்றில் கட்டணம், தங்குமிடம், உணவு, நூல்கள் எல்லாம் சேர்ந்து ஓராண்டுச் செலவு 80,000 டாலரைத் தாண்டுகிறது. ஆசிரியர் குடும்பமோ, நிலத்தை நம்பிய குடும்பமோ, சிறுகடை நடத்தும் குடும்பமோ இதைத் தாங்க இயலாது. ஆகவே நிதியுதவியை நாட வேண்டியதாகிறது. நாடுவதில் இழிவு ஒன்றும் இல்லை. நாடும் முறையே நம் சிந்தனைக்குரியது.

நிதியுதவியின் இயல்பு

அமெரிக்க நடுவண் அரசு தன் நாட்டு மாணவர்க்கு வழங்கும் கல்வி உதவி, மாணவர் விசாவில் செல்லும் அயல்நாட்டார்க்குக் கிடைப்பதில்லை. கல்லூரிகள் தத்தம் அறக்கொடை நிதியிலிருந்தே அவர்களுக்கு உதவுகின்றன. அந்நிதி, பழைய மாணவர்களும் செல்வர்களும் தலைமுறை தலைமுறையாக அளித்துச் சேர்ந்த பொருள். சில கல்லூரிகள் மதிப்பெண்ணையும் திறமையையும் கண்டு உதவித்தொகை அளிக்கின்றன. வேறு சில குடும்பத்தின் வறுமையை அளந்து அளிக்கின்றன.

ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம், ஆம்ஹர்ஸ்ட் போன்ற மிகச் சில நிறுவனங்கள், அயல்நாட்டு மாணவரைத் தேர்ந்தெடுக்கும்போது அவருடைய பண நிலையைப் பார்ப்பதில்லை. டார்ட்மத் கல்லூரியும் 2022இல் இவ்வழக்கத்தை மேற்கொண்டது. ஏனைய கல்லூரிகளுள் மிகப் பல, 'இவருக்கு நாம் எவ்வளவு உதவ நேரும்' என்பதையும் தேர்வின்போதே எண்ணிப் பார்க்கின்றன. எவ்வாறாயினும் வறுமையின் அடிப்படையில் உதவி கேட்போர் விரிவான படிவம் ஒன்றை நிரப்பியாக வேண்டும். பெற்றோரின் வருமானம், வங்கி இருப்பு, வீடு, தொழில், பிற சொத்து, குடும்பத்தில் உள்ளோர் தொகை அனைத்தும் அதில் கேட்கப்படும். நம் கேள்வியின் நடுவிடம் இப்படிவமே. அதற்குமுன், அயலார்க்கு உதவும் இம்மரபு நமக்குப் புதிதன்று என்பதையும் காண வேண்டும்.

புள்ளும் குழியும்

காஞ்சியிலிருந்து மேற்கே செல்லும் நெடுஞ்சாலையில், பாலுசெட்டி சத்திரத்தை அடுத்து உள்ளது திருப்புட்குழி. புள் என்பது பறவை; இங்கே சடாயு. சீதையைக் காக்கப் போரிட்டு வீழ்ந்த அப்பறவைக்கு இராமன் மகன்போல் நின்று ஈமக்கடன் செய்த குழி இதுவே என்பது வைணவர் மரபு. தன் குலம் அல்லாத ஓர் உயிர்க்குத் தன் குலத்தார்க்குரிய கடனைச் செய்தான் என்னும் நினைவையே அவ்வூர் பெயராகத் தாங்கி நிற்கிறது. இராமாநுசர் இளமையில் யாதவப்பிரகாசரிடம் பாடம் கேட்ட ஊரும் இதுவென்பர். ஆகவே, அயலானுக்குச் செய்யும் கடனும் கல்வி தேடி ஊர் விட்டு வருதலும் ஆகிய இரண்டு நினைவுகள் அச்சிற்றூரில் சேர்ந்துள்ளன.

நம் மரபில் சடாயுவின் வரலாறு வேறு வகையாகச் செல்கிறது. விமலசூரியின் பௌமசரியம் அதனைக் கூறுகிறது. தண்டகாரணியத்தில் இராமனும் சீதையும் இரு முனிவர்க்கு ஆகாரதானம் அளித்தபோது, அதனைக் கண்ட கழுகு ஒன்று தன் முற்பிறவியை உணர்ந்து முனிவர் திருவடிகளில் வீழ்ந்தது. அவர்கள் அருளிய விரதங்களை ஏற்று இல்லறத்தான் போல் வாழ்ந்தது. இறுதியில் அது வீழ்ந்து கிடந்தபோது இராமன் பஞ்ச நமஸ்காரத்தை அதன் செவியில் ஓதினான். பிறர் செய்த தானத்தின் அருகே நின்ற அப்பறவை உணவைக் கேட்கவில்லை, விரதத்தை ஏற்றுக்கொண்டது. ஏற்போர்க்குரிய நெறியை இதனினும் தெளிவாகக் காட்டுதல் அரிது.

அயல்நாட்டு மாணாக்கரைப் பேணுதலும் பாரத நாட்டில் பழைய வழக்கமே. 9ஆம் நூற்றாண்டில் சுவர்ணத்தீவின் அரசன் பாலபுத்திரதேவன் நாளந்தாவில் ஒரு விகாரம் எழுப்பினான். அவன் வேண்டியபடி பாலப் பேரரசன் தேவபாலன் ஐந்து ஊர்களை அதற்கு அளித்த செய்தியை நாளந்தாச் செப்பேடு கூறுகிறது. நான்கு திசைகளிலிருந்தும் வரும் துறவியர்க்கு உணவு, உறையுள், மருந்து ஆகியவற்றுக்கும், நூல்களைப் படியெடுத்தற்கும் அவ்வருவாய் உரியதாயிற்று. நம் சமந்தபத்திராசாரியார் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் ஆகாரம், ஔடதம், உபகரணம், ஆவாசம் எனத் தானத்தை நால்வகைப்படுத்தியதை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இன்றைய கல்லூரியின் உதவிக் கணக்கிலும் உணவு, மருத்துவக் காப்பீடு, நூல், விடுதி என்னும் தலைப்புகள் இருக்கக் காண்கிறோம். நம் பகுதியிலேயே, வந்தவாசியை அடுத்த வேடலில், கனகவீரக் குரத்தியார் என்னும் பெண் துறவியாரையும் அவர்தம் மாணாக்கரையும் காத்து உணவளிக்கும் பொறுப்பை இல்லறத்தார் ஏற்றதை 9ஆம் நூற்றாண்டுச் சோழர் காலக் கல்வெட்டு உரைக்கிறது.

முனிவர்க்கு அளிக்கும் பாத்திரதானத்தையும் மாணவர் உதவித்தொகையையும் ஒன்றெனக் கொள்ளுதல் பிழையாகும். ஆதிபுராணம் கொடையைத் தயாதத்தி, பாத்திரதத்தி, சமதத்தி, அன்வயதத்தி எனப் பிரித்துக் காட்டுகிறது. இரக்கத்தால் கொடுப்பது தயாதத்தி. தன்னையொத்த இல்லறத்தானை மதித்துக் கொடுப்பது சமதத்தி. கல்வி உதவியைச் சமதத்தியை ஒத்ததாகக் கொள்வதே இரு சாரார்க்கும் பெருமை. இரக்கத்துக்காகக் காத்து நிற்பவன் தன் துயரை மிகைப்படுத்துவான். ஒத்தவனாக நிற்பவன் தன் நிலையை உள்ளவாறு உரைப்பான்.

கூடலேகக் கிரியை

இனி அப்படிவத்துக்கு வருவோம். அங்கே இருவகைச் சோதனைகள் உள்ளன. ஒன்று, உள்ளதை மறைத்து வறுமை காட்டல்: உறவினர் பெயரில் வைத்த பணம், கணக்கில் வராத வாடகை, வரிக்கணக்கில் குறைத்துக் காட்டிய வருமானம் ஆகியவற்றை எழுதாமல் விடுதல். மற்றொன்று, இல்லாததை உள்ளதாகக் காட்டல்: உதவி கேட்டால் இடம் கிடையாதோ என அஞ்சி, 'எமக்கு உதவி வேண்டா' எனக் குறித்து, சேர்ந்தபின் கேட்டுக்கொள்ளலாம் என எண்ணுதல். இதன்பொருட்டு வங்கி இருப்பைச் சில நாட்களுக்கு மட்டும் பிறர் பணத்தால் உயர்த்திக் காட்டுவாரும் உலகில் உண்டு.

இவ்விரண்டுக்கும் நம் ஆகமத்தில் பெயர் இருக்கிறது. சத்தியாணுவிரதத்தின் ஐந்து அதிசாரங்களுள் ஒன்று கூடலேகக் கிரியை, அதாவது பொய்யான எழுத்தை உண்டாக்குதல். அசௌரியாணுவிரதத்தின் அதிசாரங்களுள் ஒன்று அளவையைக் கூட்டியும் குறைத்தும் காட்டுதல். நெல் அளக்கும் மரக்காலில் செய்யலாகாததைச் சொத்து அளக்கும் படிவத்தில் செய்யலாமோ?

'கோடிக்கணக்கான டாலர் வைத்திருக்கும் கல்லூரிக்கு இதனால் என்ன இழப்பு?' என்று சிலர் கேட்கக்கூடும். ஒவ்வோர் ஆண்டும் அயல்நாட்டு மாணவர்க்கென ஒதுக்கும் தொகைக்கு எல்லை உண்டு. பொய்க்கணக்கால் ஒருவர் பெற்ற இடம், உண்மை எழுதிய மற்றொரு பிள்ளை இழந்த இடமாகலாம். அப்பிள்ளை நேபாளத்திலோ கென்யாவிலோ இருக்கலாம். நம் அடுத்த தெருவிலும் இருக்கலாம். இழந்தவர் முகம் தெரியவில்லை என்பதனால் களவு களவாகாமல் போகாது. நம் நாடும் 1950இல் தோன்றிய இந்தியக் கலாசார உறவுக் கழகத்தின் வழியாக அயல்நாட்டு மாணவர்க்கு உதவித்தொகை வழங்கி வருகிறது. நம் வரிப்பணத்தில் ஒருவர் பொய்யுரைத்துப் பயன்பெற்றால் நாம் பொறுப்போமா?

இதனினும் நுண்ணிய மறுப்பு ஒன்று உண்டு. உண்மையேயாயினும் கேடு விளைப்பதாயின் அதனைச் சொல்லலாகாது என்று சமந்தபத்திரரே கூறியுள்ளாரே. உண்மை எழுதினால் என் மகளின் எதிர்காலம் கெடுமன்றோ என்பது அது. இங்கே கேடு என்பது ஓர் உயிர்க்கு நேரும் ஆபத்து. வேட்டைக்காரனுக்கு மான் சென்ற திசையைக் காட்டாமை அதற்கு எடுத்துக்காட்டாகும். விரும்பிய ஒரு கல்லூரியில் இடம் கிடையாமை ஏமாற்றமேயன்றி ஆபத்து ஆகாது. அதே இடத்தில் ஆசாரியார் மற்றொன்றையும் சேர்த்துக் கூறுகிறார்: தான் பொய் சொல்லாமை மட்டும் போதாது, பிறரைப் பொய் சொல்லச் செய்தலும் ஆகாது. பெற்றோர் இதனை மனத்தில் நிறுத்துதல் வேண்டும். விண்ணப்பத்தில் தான் கூறியவை உண்மை என உறுதி கூறுபவர் பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளை. வாழ்க்கையில் அப்பிள்ளை முதன்முதலாகப் பொறுப்பேற்கும் பெரிய ஆவணம் அதுவாக இருக்கலாம். அதைப் பொய்யாக்கித் தருவது எவ்வகை அன்பு?

ஆயினும் உண்மை உரைத்தல் என்பது கேளாததையெல்லாம் கொட்டுதல் அன்று. கேட்டதற்கு மறையாது விடையளித்தல் போதும். பங்கு பிரியாத நிலம், விற்க இயலாத பூர்வீக வீடு, முதிய பெற்றோரின் மருத்துவச் செலவு, தங்கையின் படிப்பு ஆகியவை அயல்நாட்டுப் படிவத்தின் கட்டங்களில் எளிதில் அடங்கமாட்டா. அவற்றை விளக்கித் தனியே எழுதலாம், எழுதவும் வேண்டும். உள்ள வறுமையைச் சொல்ல நாணி, கடனில் வீழ்தலும் அறமாகாது.

ஒரு பிள்ளையா, பல பிள்ளைகளா?

நம் அறக்கட்டளைகளும் ஒரு வினாவை எதிர்கொள்கின்றன. ஒரு பிள்ளையை அயல்நாட்டுக்கு அனுப்பும் பொருளால் சிற்றூர்களில் பல பிள்ளைகளைப் பட்டம் பெறச் செய்யலாமே? இவ்வாதம் வலியுடையது. பொதுப்பொருளை முதலில் பலர்க்குப் பயன்படுத்துதலே முறை. கடல் கடக்கும் பிள்ளைக்குத் திரும்பி வரும் பொருளாக உதவுதல் தகும். ஜம்சேட்ஜி டாடா 1892இல் நிறுவிய கொடைநிதி இவ்வழியையே காட்டிற்று. அது அயல்நாட்டுப் படிப்புக்குக் கடனாக உதவித்தொகை அளிப்பது. ஒருவர் திருப்பிய பொருள் அடுத்தவர்க்குச் செல்லும். பின்னாளில் குடியரசுத் தலைவரான கே. ஆர். நாராயணன் டாடா உதவித்தொகை பெற்றே இலண்டன் பொருளியல் பள்ளியில் பயின்றார். வாங்கியவர் கொடுப்பவராக மாறும் இவ்வொழுங்கில் சமதத்தியின் சாயலைக் காணலாம்.

மிகுதியைப் பிறர்க்கு விட்டவர்

ஏற்போர் அறத்துக்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு பெருஞ்சான்று உண்டு. சிறுவயதில் சிலகாலம் காஞ்சிபுரத்தில் பள்ளிக்குச் சென்றவர் கணித மேதை சீனிவாச இராமானுசன். கும்பகோணம் கல்லூரியில் பிற பாடங்களில் தேறாமையால் உதவித்தொகையை இழந்து அலைந்தவர். 1914இல் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு ஆண்டுக்கு 250 பவுன் அளித்துக் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பியது. டிரினிட்டி கல்லூரியும் 60 பவுன் சேர்த்தது. 1916இல் அங்கே அவர் பி.ஏ. பட்டம் பெற்றார். போர்க்காலத்திலும் மரக்கறி உணவையே கைக்கொண்டு வாழ்ந்தார்.

அவர் இங்கிலாந்தில் நோயுற்றிருந்த காலத்தில், பல்கலைக்கழகம் மீண்டும் ஆண்டுக்கு 250 பவுன் வழங்க முன்வந்தது. 1919 ஜனவரியில் அவர் பதிவாளருக்கு மடல் எழுதினார். பெற்றோர்க்கு ஆண்டுக்கு 50 பவுனும் தம் தேவைக்கு வேண்டியதும் போக எஞ்சுவதை, ஏழைச் சிறுவர், அநாதைச் சிறுவர் ஆகியோரின் பள்ளிக் கட்டணத்தைக் குறைத்தற்கும் நூல்கள் வழங்குதற்கும் செலவிட வேண்டும் என்பதே அம்மடலின் வேண்டுகோள். அடுத்த ஆண்டே அவர் மறைந்தார். அவர் சமணர் அல்லர். எனினும் நம் இல்லறத்தார்க்கு விதித்த பரிக்கிரகப் பரிமாணம், அதாவது இவ்வளவே எனக்குப் போதும் என்று எல்லை வகுத்தல், அம்மடலில் நிற்கிறது. உதவித்தொகையை இழந்து துன்புற்ற ஒருவர், உதவித்தொகை மிகுந்தபோது தம்மைப் போன்ற சிறுவரை நினைந்தார்.

ஆகவே நம் குடும்பத்தார் மூன்றை உள்ளத்தில் கொள்ளல் நலம். கேட்கும்போது உண்மையைக் கேளுங்கள். தேவைக்கு மேல் கேளாதீர்கள். பெற்றபின், யாரோ ஒருவர் முகம் அறியாத நமக்குச் செய்ததை நினைந்து, முகம் அறியாத வேறொரு பிள்ளைக்குச் செய்ய உறுதி கொள்ளுங்கள். விண்ணப்பத்தை அனுப்பும் நாளில் பெற்றோரும் பிள்ளையும் ஒருங்கே அமர்ந்து, அதில் எழுதிய ஒவ்வொரு தொகையையும் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். பிள்ளையின் முன்னிலையில் தயங்காது படிக்க முடிந்தால் அனுப்புங்கள். நாக்குத் தடுமாறும் இடம் ஏதேனும் இருந்தால், அதைத் திருத்திய பின்னரே அனுப்புங்கள். இடம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அன்று அப்பிள்ளை கற்ற பாடம் எந்நாட்டிலும் உடன் வரும்.

அறம் வெல்க!