காவும் கோடரியும்



திருவனந்தபுரத்திலிருந்து நெய்யாற்றின்கரை, பாறசாலை வழியாகக் களியக்காவிளை செல்லும் நெடுஞ்சாலையை நீங்கள் அறிவீர்கள். 1956 நவம்பர் முதல் நாள் தென் தாலுகாக்கள் சென்னை இராச்சியத்தைச் சேர்ந்தபோது, நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்திலேயே நின்றது. நகரமோ எந்த எல்லையையும் மதியாது அச்சாலையோரமாக நீண்டு வருகிறது. வயல் மனையாகிறது, தோப்பு கடையாகிறது. இடையிடையே எஞ்சி நிற்பவை சில காவுகளே.

காவு சில சென்ட் நிலமே ஆயினும் ஒரு வனமாகும். ஏழிலைப்பாலையும் அயனியும் மகிழும் கொடிகளால் பிணைந்து நிற்கும். உதிர்ந்த இலை மட்கி மழைநீரை மண்ணுள் இறக்கும். இதனைத் தலைமுறைகளாகக் காத்தது நாகங்களைப் பற்றிய அச்சமே. கூட்டுக் குடும்பங்கள் பாகமாயின. 1975-ஆம் ஆண்டுச் சட்டம் கேரளத்தில் அம்முறையையே நீக்கிற்று. நிலம் துண்டுபட, விலை ஏற, நாகக் கற்களைச் சடங்கு செய்து வேறிடம் பெயர்த்துவிட்டு மரங்களை வெட்டும் வழக்கம் பரவியது.

நாமோ நாகபூஜையை விட்டவர்கள். சடங்குகூட நமக்குத் தேவையில்லை! “தோஷம் இல்லையென்றால் வெட்டுவதில் என்ன குற்றம்?” என்று நம்மவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். விடை விநயத்தில் உள்ளது.

ஆளவியில் பிக்கு ஒருவர் உறைவிடம் அமைக்க மரம் வெட்டினார். அதில் உறைந்த தேவதை தடுத்தும் அவர் கேளாராக, கோடரி அவள் குழந்தையின் கையில் பட்டது. பிக்குவைக் கொன்றுவிட எண்ணிய அவள், சினத்தை அடக்கிக்கொண்டு பகவானிடம் முறையிட்டாள். பகவான் அவளது அடக்கத்தைப் பாராட்டினார். குடியேற வேறொரு மரத்தையும் காட்டினார். செடிகொடிகளைச் சிதைத்தல் பிக்குகளுக்குக் குற்றம் என விதித்தார். கவனியுங்கள்: தேவதை யாரையும் தண்டிக்கவில்லை. அச்சத்தால் அன்று, இன்னொருவர் வீடு அது என்பதாலேயே கோடரி தடுக்கப்பட்டது. தேவதையை நம்பாதவர் அவள் இடத்தில் ஒரு பறவைக் கூட்டை வைத்துப் பார்க்கட்டும்.

பகவான் நகரத்தை வெறுத்தவர் அல்லர். பிம்பிசாரன் அளித்த வேளுவனம் இராஜகிருகத்துக்கு மிகத் தொலைவும் அன்று, மிக அண்மையும் அன்று. புகாருக்கும் ஓர் உவவனம் இருந்தது. மணிமேகலை மலர் கொய்யச் சென்றது அங்கேதான்.

ஆகவே, எல்லைக் கிராமங்களில் காவுள்ள நிலம் உடைய உபாசகர்களே, பாகப்பத்திரம் எழுதும்போது அச்சில சென்ட்டுகளை எவர் பங்கிலும் சேர்க்காது பொதுவில் விடுங்கள். அயலார் அங்கே விளக்கேற்ற வந்தால் ஏற்றட்டும். அவர்களோடு வாதிட வேண்டாம். வேலியை மட்டும் நீங்கள் கட்டிக் கொடுங்கள்.