மறுக்கத் தெரியாத பிள்ளை

என் தமையன் மகள் தாய்லாந்து நாட்டிலுள்ள ஒரு கத்தோலிக்கப் பள்ளியில் மழலையர் வகுப்புக்கு ஆங்கிலம் கற்பிக்கும் பணியை ஏற்று, கடந்த மே மாதம் புறப்பட்டுச் சென்றாள். புறப்படுவதற்கு முந்தைய மாலையில் அச்சன்புதூரில் எங்கள் வீட்டுத் திண்ணையில் இருவரும் அமர்ந்திருந்தோம். மேற்கே மலையுச்சியில் மேகம் கவிந்திருந்தது. சாரல் தொடங்க இன்னும் சில நாள்கள் இருந்தன. பெட்டி கட்டியாயிற்றா, ஊறுகாய் எடுத்துக்கொண்டாயா என்றெல்லாம் நான் கேட்டுக்கொண்டிருக்கையில் அவள் திடீரென்று கேட்டாள்:

"அத்தை, அங்க என் வகுப்புப் பிள்ளைங்க எல்லாருமே புத்த சமயத்து வீட்டுப் பிள்ளைங்களாம். நாலு வயசு, அஞ்சு வயசு. நான் எதைச் சொன்னாலும் அப்படியே செய்வாங்க. சிலுவை அடையாளம் போடச் சொன்னாலும் போடுவாங்க. சொல்லட்டுமா, வேண்டாமா?"

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடக்க வகுப்பு ஆசிரியையாக இருந்தவள் நான். ஞாயிறுதோறும் மறைக்கல்வி வகுப்பும் எடுத்தவள். ஆயினும் அந்தக் கேள்விக்கு என்னிடம் ஆயத்தமான விடை இல்லை. "உன் மனசாட்சிப்படி செய், தாயி" என்று சொல்லி எழுந்துவிட்டேன். அது விடையன்று, தப்பித்தல். அவள் போன பிறகு பல இரவுகள் இதையே எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த எண்ணங்களையே இங்கு எழுதுகிறேன்.

அயல்நாட்டிலிருந்து வந்து சிறு பிள்ளைகளுக்குக் கற்பித்தவர் என்றதும் நம் நினைவுக்கு முதலில் வருபவர் புனித சவேரியார். 1542-ஆம் ஆண்டு மே மாதம் கோவாவில் வந்திறங்கிய அவர், அவ்வாண்டின் இறுதிக்குள் முத்துக்குளித்துறைக்கு வந்துவிட்டார். தமிழ் அறியாதவர். இரு மொழியும் தெரிந்த சிலரை உடன் வைத்துக்கொண்டு செபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, கையில் மணியுடன் ஊர் ஊராகச் சென்று மக்களைக் கூட்டினார். பெரியவர்களைவிடச் சிறுவர்களே அவரை விடாமல் பற்றிக்கொண்டனர். செபிக்கவும் உண்ணவும் உறங்கவும் தமக்கு நேரம் விடாத அளவுக்கு அவர்கள் தம்மைச் சூழ்ந்துகொள்வதாக அவர் உரோமைக்கு எழுதினார். நோயாளிகளின் வீடுகளுக்குத் தமக்குப் பதிலாக அச்சிறுவர்களையே செபம் சொல்ல அனுப்பினார். இதைப் படிக்கையில் ஓர் ஆசிரியையாக என் நெஞ்சு குளிர்கிறது.

ஆனால் அவருடைய மடல்களில் வேறொன்றும் இருக்கிறது. அதை நாம் மறையுரைகளில் அதிகம் கேட்பதில்லை. தாய் தந்தையர் பழைய வழிபாட்டுக்குத் திரும்புவதைக் கண்டால் அப்பிள்ளைகள் அவர்களைக் கண்டித்து, தம்மிடம் வந்து சொல்லிவிடுவார்கள் என்றும், சிலைகள் இருக்கும் இடத்திற்குத் தாம் சிறுவர்களோடு செல்வதாகவும், அவர்கள் அவற்றை உடைத்து, உமிழ்ந்து, மிதிப்பார்கள் என்றும் அவர் மகிழ்ச்சியோடு எழுதுகிறார். பெற்றோர் ஏற்கெனவே திருமுழுக்குப் பெற்றவர்கள், அது 16-ஆம் நூற்றாண்டு, அவருடைய உள்ளத்தில் எரிந்தது ஆன்மாக்களின் மீட்பைப் பற்றிய தாகம் என்பவற்றையெல்லாம் நான் அறிவேன். என் தந்தையின் பெயரே சவரிமுத்து. இருந்தும், எட்டு வயதுப் பிள்ளை தன் தாயைப் பற்றி ஆசிரியரிடம் வந்து புகார் சொல்லும் காட்சி என் மனத்தை உறுத்தாமல் இல்லை. அந்த வீட்டில் அன்றிரவு தாயும் பிள்ளையும் எவ்வாறு முகம் பார்த்துக்கொண்டார்கள்?

அதே சவேரியாரின் இன்னொரு முகமும் உண்டு. 1544-இல் தம் உடன் உழைப்பாளரான பிரான்சிஸ்கோ மான்சிலாஸுக்கு எழுதும்போது, தாம் கற்பித்த செபங்களில் நேர்ந்துவிட்ட பிழைகளைத் திருத்துகிறார். விசுவாசப் பிரமாணத்தில் 'விசுவசிக்கிறேன்' என்று இருக்கவேண்டிய இடத்தில் 'எனக்கு வேணும்' என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்! மேலும், ஆண்டவர் பட்ட பாடுகளைக் குறிக்க, பலவந்தத்தால் என்று பொருள்படும் ஒரு சொல் புகுந்திருந்தது. அவர் பாடுபட்டது மனமுவந்தே அன்றிப் பலவந்தத்தால் அன்று, ஆகையால் அச்சொல்லை நீக்குக என்கிறார். தாம் கற்பித்தது தவறு என்று உணர்ந்தவுடன் ஒளிக்காமல் திருத்திய அந்த ஆசிரியரை நான் வணங்குகிறேன். பலவந்தம் என்ற சொல் செபத்தில் இருக்கலாகாது என்று கண்டவர், சிறுவர் கையில் அது இருந்ததைக் காணவில்லை. ஒருவேளை அவர் காலத்தில் எவருக்கும் அது கண்ணில் பட்டிராது.

அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தவர் அண்டிறிக் அடிகளார். அவர் போர்த்துக்கல் நாட்டவர். அரை நூற்றாண்டுக்காலம் நம் கடற்கரையில் வாழ்ந்து, தமிழை முறையாகக் கற்று, தமிழிலேயே எழுதினார். அவருடைய 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் அச்சாயிற்று. எங்கள் ஊரிலிருந்து செங்கோட்டைக் கணவாயைத் தாண்டினால் கொல்லம்தான். மலைக்கு அந்தப்புறம் நம் மொழி முதன்முதலாக நம் எழுத்திலேயே அச்சேறியது ஒரு ஞானோபதேச நூலுக்காக என்பதை எங்கள் பிள்ளைகளுக்கு நான் பெருமையோடு சொல்வதுண்டு. பிள்ளையின் மொழியை ஆசிரியர் கற்றுக்கொண்டார் என்பதே அதில் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இதற்கு நேர்மாறான ஒன்று கனடா நாட்டில் நடந்தது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதி தொடங்கி 1990-களின் இடைப்பகுதி வரை, அந்நாட்டுப் பூர்வகுடிப் பிள்ளைகள் ஏறத்தாழ 1,50,000 பேர் தம் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு உறைவிடப் பள்ளிகளில் சேர்க்கப்பட்டனர். அரசு ஏற்படுத்தியவை அவை. நடத்தியவை திருச்சபைகள். பாதிக்கு மேற்பட்டவை கத்தோலிக்கரின் பொறுப்பில் இருந்தன. தாய்மொழி பேசினால் தண்டனை. பிள்ளைகள் பலர் வீடு திரும்பவேயில்லை. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2022 ஜூலை 25 அன்று அங்கு சென்று, அம்மக்களின் நடுவே நின்று மன்னிப்புக் கேட்டார். அப்பள்ளிகளில் பணியாற்றிய அருள்சகோதரிகளுள் நல்ல மனம் உடையவர்களும் இருந்திருப்பார்கள். பிள்ளைகளுக்கு நன்மை செய்கிறோம் என்றே அவர்கள் நம்பியிருப்பார்கள். எனக்கு அச்சமூட்டுவது அந்த நம்பிக்கைதான்.

கனடாவைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி உண்டா என்று கேட்டுக்கொள்கிறேன். 1990-களின் தொடக்கத்தில் சில ஆண்டுகள் நான் வேறோர் ஊரில், ஓர் ஆங்கிலவழிப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு ஆசிரியையாக இருந்தேன். வகுப்பில் தமிழ் பேசினால் 25 காசு அபராதம். பேசியவர் பெயரை எழுதி வைக்க ஒரு குறிப்பேடு. ஒரு திங்கட்கிழமைக் காலையில் ஒரு சிறுவன் என் மேசை அருகே வந்து, "எங்க ஆச்சி செத்துப்போச்சு டீச்சர்" என்றான். அவனுடைய தாய் பீடி சுற்றி அவனைப் படிக்கவைத்தவள். அவனை வளர்த்தது அந்த ஆச்சிதான். நான் ஏதோ ஆறுதல் சொன்னேன், ஆங்கிலத்தில். அதற்குள் வகுப்புத் தலைவி அவன் பெயரைக் குறிப்பேட்டில் எழுதிவிட்டாள். விதி விதிதானே என்று நானும் அடிக்கவில்லை. மறுநாள் அவன் 25 காசைத் தாளில் மடித்துக் கொண்டுவந்து கொடுத்தான். வாங்கிக்கொண்டேன். அந்த ஆண்டு முழுவதும் அதற்குப் பிறகு அவன் என்னிடம் தன் வீட்டைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆங்கிலத்தில் நன்றாகத் தேறினான். அவன் தாய் ஆண்டு இறுதியில் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாள்.

விதி பள்ளியினுடையது. வாங்கிய கை என்னுடையது. அவன் வீட்டிலிருந்து நடந்து வரும் தொலைவில்தான் அந்தப் பள்ளி இருந்தது. இருந்தும் அவனுக்கு அது அயல்நாடு. நான் அயல்நாட்டு ஆசிரியை.

இனி, என் மருமகள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். நாம் பெற்ற விசுவாசம் உண்மையிலேயே நிகரில்லாச் செல்வம் என்றால், அதைப் பிள்ளையிடமிருந்து மறைப்பது எப்படி அன்பாகும் என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வி. நானும் அப்படித்தான் கேட்டு வளர்ந்தேன். ஆனால் வளர்ந்தவன் ஒருவனிடம் நம் விசுவாசத்தை எடுத்துச் சொல்லும்போது, அவன் கேட்கலாம், எதிர்வாதம் புரியலாம், போய் வாருங்கள் என்று கதவைச் சாத்தலாம். நாலு வயதுப் பிள்ளைக்கு மறுக்கத் தெரியாது. அது ஆசிரியையை நேசிக்கிறது. நேசிப்பதனால் அவள் செய்வதையெல்லாம் செய்கிறது. அந்த நேசத்தை நாம் என்ன செய்கிறோம் என்பதே இங்கு அறநெறிக் கேள்வி.

13-ஆம் நூற்றாண்டிலேயே புனித தாமஸ் அக்குவினாஸ் இதை ஆராய்ந்திருக்கிறார். யூதரின் பிள்ளைகளுக்குப் பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாகத் திருமுழுக்குக் கொடுக்கலாமா என்பது கேள்வி. ஆகாது என்கிறார் அவர். பகுத்தறிவு மலரும்வரை பிள்ளை பெற்றோரின் பொறுப்பில் இருப்பது இயற்கை அறம். முதலில் தாயின் கருப்பையில் இருந்தது போல, பிறந்த பின்னும் அவர்களுடைய பராமரிப்பு என்னும் ஆன்மிகக் கருப்பையில் இருக்கிறது என்பது அவர் காட்டும் உவமை. இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1965-இல் வெளியிட்ட சமயச் சுதந்திரம் பற்றிய ஏட்டில், பிள்ளைகளின் சமயக் கல்வியைத் தீர்மானிக்கும் உரிமை பெற்றோருடையது என்று உறுதிப்படுத்தியது. அந்த உரிமையை நம் பிள்ளைகளுக்காக நாம் கேட்கிறோம். அடுத்தவர் பிள்ளைகளுக்கும் அது உண்டு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் கொஞ்சம் தயங்குகிறோம்.

ஆண்டவர் சிறுவரைத் தம்மிடம் வரவிடச் சொன்ன காட்சியை நாம் அனைவரும் அறிவோம். படமாகவும் வீடுகளில் மாட்டியிருக்கிறோம். அந்தச் சிறுவர்கள் தாமாக வரவில்லை, அவர்களைக் கொண்டுவந்தார்கள் என்பதை எத்தனை பேர் கவனித்திருக்கிறோம்? அவர் அவர்களை அணைத்து, கைகளை வைத்து ஆசி அளித்தார். எவரையும் தம்மோடு நிறுத்திக்கொண்டதாக நற்செய்தியாளர் எழுதவில்லை. யாயிரின் மகளை எழுப்பச் சென்றபோதும், கூட்டத்தை வெளியே அனுப்பிவிட்டு, பிள்ளையின் தந்தையையும் தாயையும் தம்மோடு உள்ளே அழைத்துச் சென்றார். மாற்கு தம் நூலைக் கிரேக்க மொழியில் எழுதினாலும், அந்தச் சிறுமியை எழுப்பிய சொற்களை மட்டும் அவள் வீட்டில் பேசிய அரமேய மொழியிலேயே நமக்கு வைத்துப்போயிருக்கிறார். எழுந்தவளுக்கு உண்ணக் கொடுக்கும்படி சொல்லிவிட்டு ஆண்டவர் புறப்பட்டுவிட்டார்.

அப்படியானால் கிறிஸ்தவப் பள்ளியில் கிறிஸ்தவம் எங்கே இருக்கும்? தாய்லாந்தில் நூற்றுக்கு ஒருவர்கூடக் கத்தோலிக்கர் இல்லை. ஆயினும் 1885-இல் பிரெஞ்சுக் குருவான கொலொம்பே பாங்காக்கில் தொடங்கி, 1901 முதல் புனித கபிரியேல் சபைச் சகோதரர்கள் நடத்திவரும் விண்ணேற்புக் கல்லூரி போன்ற நிறுவனங்களில் தலைமுறை தலைமுறையாகப் புத்த சமயப் பிள்ளைகள் படித்துவருகின்றனர். அவை கத்தோலிக்கப் பள்ளிகள் என்று அறிந்தே பெற்றோர் பிள்ளைகளை அனுப்புகிறார்கள். ஆகவே பள்ளியில் எல்லாரும் அறிய வழக்கமாகச் செபம் சொல்லப்படுகிறது என்றால், என் மருமகள் அதில் பங்கெடுக்கட்டும். தன் கழுத்துச் சிலுவையைக் கழற்றவும் வேண்டாம். அது என்ன மிஸ் என்று பிள்ளை கேட்டால் உண்மையைச் சொல்லட்டும். பிள்ளையின் கையைப் பிடித்து நெற்றிக்குக் கொண்டுபோக வேண்டாம் என்பதே என் கருத்து. மாற்றுக் கருத்துடையோர் நம் பங்குகளில் உண்டு. அவர்களோடு வாதிட நான் ஆயத்தம்.

எனக்கே தெளிவாகாத ஒன்றும் உண்டு. அவளைப் பணியில் அமர்த்தியிருப்பது ஆங்கிலத்துக்காக. அதையே பெற்றோர் விரும்பிக் கேட்கிறார்கள், அந்தப் பீடி சுற்றும் தாய் விரும்பியது போல. பெற்றோரே மனமுவந்து கேட்டால், பிள்ளையின் மொழியை ஓரங்கட்டுவது சரியாகிவிடுமா? சமயத்தில் பெற்றோரின் சொல்லுக்குத் தலைவணங்கும் நான் மொழியில் மட்டும் தயங்குவது ஏன்? விடை தெரியவில்லை.

அன்னை தெரேசா கொல்கத்தாவில் பல ஆண்டுகள் மதில் சூழ்ந்த பள்ளியில் புவியியல் கற்பித்தவர். 1948 டிசம்பரில் மோதிஜீல் சேரிக்குச் சென்றபோது அவரிடம் கரும்பலகை இல்லை, பலகைகள் இல்லை. ஒரு குச்சியை எடுத்துத் தரையில் எழுதத் தொடங்கினார். அல்பேனியத் தாயின் மகள் எழுதியவை வங்காள எழுத்துகள்.

ஜூன் மாதத்தில் என் மருமகள் கைப்பேசியில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். தாய்லாந்துப் பள்ளிகளில் கல்வியாண்டின் தொடக்கத்தில் குரு வணக்க நாள் ஒன்று உண்டாம். பிள்ளைகள் மண்டியிட்டு ஆசிரியருக்குப் பூத்தட்டு கொடுக்கிறார்கள். தட்டில் கத்தரிப்பூ, அறுகம்புல், நம் வீட்டு வாசலில் நிற்கும் இட்லிப்பூ. கத்தரிப்பூ தலை கவிழ்ந்து பூப்பதால் பணிவுக்கு அடையாளமாம். ஆசிரியரை அவர்கள் 'க்ரூ' என்கிறார்கள். "மண்டியிடுறதைப் பார்த்ததும் எனக்கு என்னமோ பயமா இருந்துச்சு அத்தை" என்று எழுதியிருந்தாள். பயந்தது நல்லது என்று பதில் எழுதினேன்.

நேற்று மீண்டும் பேசினாள். இங்கே நல்ல சாரல். அனுமன் நதியில் தண்ணீர் வந்துவிட்டது என்று சொன்னேன். அவள் அந்நாட்டு எழுத்துகளைக் கற்றுக்கொண்டிருக்கிறாளாம். பல்லவர் காலத்து எழுத்திலிருந்து கிளைத்து, கெமர் வழியாகப் போனவை அவை. மெய்யெழுத்துகள் மட்டும் 44. முதல் எழுத்தை 'கோ கை' என்று சொல்ல வேண்டும். 'கை' என்றால் அவர்களுக்குக் கோழி. இப்போது பதினேழாம் எழுத்துவரை வந்திருக்கிறாள். மதிய உணவு முடிந்ததும் பிள்ளைகள்தாம் சொல்லிக்கொடுக்கிறார்களாம். அவள் பிழையாக ஒலிக்கும்போதெல்லாம் விழுந்து விழுந்து சிரிக்கிறார்களாம். அபராதம் ஒன்றும் வாங்குவதில்லையாம்.